முட்டைக்கு உப்புப் போட நாலு நாளா, கண்ணு?

ஏஞ் சாமி, அவிச்ச முட்டையை ரெண்டாக் கீறி, உப்பும் மொளகும் தூவி வாயில போட எனக்கு ஒரு நிமிசம் ஆகுது. உனக்கு மட்டும் எதுக்கு நாலு நாள்னு கேட்டேன். அது தப்பான கேள்வியாம். "தாத்தா, இது கியூர்டு எக் யோக். சீஸைத் துருவற மாதிரி துருவிச் சாப்படறது"ங்கறே. சரிடா கண்ணு. ஐதராபாத்துக் கொண்டாப்பூர்ல ஒம்பதாவது மாடியில குடியிருக்கறவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் நாமக்கல்லுல கோழிப் பண்ணையில எரு அள்ளுனவன். முட்டை எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். எங்க போகோணும்னு உனக்குத்தான் தெரியும்.

உம்பட வித்தையை நானே சொல்லிக் காட்டறேன், சரியான்னு பாரு. அரைக்கிலோ தூளுப்பு, அதுக்குக் கொஞ்சம் கொறைச்சலா வெள்ளைச் சக்கரை. ரெண்டையும் கலந்து, அகலமான டப்பாவுல ஒரு வெரக்கடை ஒசரத்துக்குப் பரப்பறே. முட்டையோட அடிப்பக்கத்தால அங்கங்க அமுக்கிக் குழி பண்ணறே. குழிக்கு ஒரு மஞ்சக்கரு. மிச்ச உப்பை மேல தூவி, மஞ்சள் துளியும் தெரியாம மூடி, பிரிட்ஜுக்குள்ள தள்ளிப்போட்டு ஆபீசுக்குப் போயர்றே. நாலு நாள் கழிச்சு எடுத்தா கெட்டிப்பட்டிருக்கும், ஆனா அமுக்கினா மெத்துனு இருக்கும். ஒட்டின உப்பைக் கழுவி, துணியில ஒத்தியெடுத்து, ஓடிஜி பொட்டியில 65 டிகிரிக்குப் பக்கத்துல ஒண்ணரை மணியோ ரெண்டு மணியோ காய வெச்சா, துருவற பதத்துக்கு வந்துரும். எங்கியாச்சும் தப்புச் சொன்னனா? இதைச் சொல்லித் தர ஒரு மணி நேர வீடியோ, அதுக்கு நடுவுல மூணு வெளம்பரம்!

மஞ்சக்கருவுல பாதிக்குப் பாதி தண்ணி, சாமி. வெள்ளையில நூத்துக்கு 88 பங்கு தண்ணி. அதனாலதான் மஞ்சளை மட்டும் எடுக்கறாங்க. வெள்ளையையும் சேத்துக் கொட்டினா டப்பாவே கொளமாயிரும். வெளிய உப்பும் சக்கரையும் நின்னு இழுக்க இழுக்க, உள்ளார இருக்கற தண்ணி அந்த மெல்லிசுத் தோலைத் தாண்டி வெளிய வந்துரும். கொஞ்சம் உப்பு உள்ளார போகும். அவ்வளவுதான் நடக்குது. சக்கரை எதுக்குன்னா, அதுவுந் தண்ணியை இழுக்கும், உப்போட கடுப்பையும் தணிக்கும். நாட்டுச் சக்கரை போட்டா ஒடம்புக்கு நல்லதில்லையான்னு உம்பட ஊட்டுக்காரி அம்மிணி கேட்டா. வேண்டாம் தாயி. அதே ஈரம் புடிச்சுக் கெடக்குது, அது எங்க அடுத்தவன் ஊட்டுத் தண்ணியை இழுக்கறது?

உங்கப்பத்தாளும் இந்தச் சோலிதான் பண்ணுனா. ஆட்டுக்கறியில உப்பும் மஞ்சளும் பெரட்டி, கயித்துல கோத்து, முத்தத்துல கட்டி வெயில்ல தொங்க உடுவா. உப்புக்கண்டம்னு பேரு. தூத்துக்குடிக்காரன் மீனுக்குப் பண்ணுனா கருவாடு. அதைக் கேட்டுபோட்டுத்தான நீ ஒடனே குதிச்சே, "அப்ப ஓடிஜி எதுக்கு தாத்தா, ஐதராபாத்து மே மாச வெயிலுக்கு மொட்டை மாடியில வெச்சாப் போதுமே"ன்னு? அங்கதான் கண்ணு உன்னை நிறுத்தினேன். கறிக்கும் மீனுக்கும் பொருந்தறது மஞ்சக்கருவுக்குப் பொருந்தாது. அதுல மூணுல ஒரு பங்குக்குப் பக்கமாக் கொழுப்பு. வெயில் பட்டாக் கொழுப்பு காறிப்போகும். பழைய பலகாரச் சட்டியில வருமே சிக்கு வாடை, அது வந்துரும். அதுவுமில்லாம நாப்பது டிகிரிங்கறது உனக்குத்தான் அனல், கிருமிக்கு அது தொட்டில். காக்காய்க்கும் ஈக்கும் தனியா நான் சொல்லோணுமா?

கிருமின்னு சொன்னதும் மூஞ்சியைச் சுளிக்கறே. இரு, உம்பட பழமையையே உனக்குத் திருப்பிச் சொல்றேன்.

மண்டிங்கற கறிச்சோறு திங்கறதுக்குன்னு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனியே, அங்க கோழிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல வெள்ளையா வந்துது. நான் தயிருன்னு நெனச்சுக் கையை நீட்டுனேன். நீ படக்குனு தள்ளி வெச்சே. "தாத்தா, அது மயோனைஸ். பச்சை முட்டையில அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பாங்க. கவர்மெண்டே தடை பண்ணியிருக்குது"ன்னே. நீ சொன்னது நெசந்தான். 2024 அக்டோபர் கடைசியில இந்த ஊருல மோமோ தின்னவங்க பல பேரு படுத்து, ஒரு உசுரும் போன பொறவு, 30-ஆந் தேதி தெலங்கானா அரசாங்கம் பச்சை முட்டை மயோனைஸைப் பண்ணவுங் கூடாது, வெக்கவுங் கூடாது, விக்கவுங் கூடாதுன்னு ஒரு வருசத்துக்குத் தடை போட்டுது. கேரளாக்காரங்க அதுக்கு முன்னாலயே, 2023 சனவரியில போட்டுட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல்ல வந்துது. எங்க நாமக்கல்லுல 2023 செப்டம்பர்ல ஷவர்மா தின்ன பதினாலு வயசுப் புள்ளை ஒண்ணு செத்துப்போச்சு. அந்தப் பழமையில கேலி பேச எனக்கு வாய் வராது.

ஆனா உன்னைப் பத்திப் பேச வாய் வரும். கடைக்காரன் பச்சை முட்டையை எண்ணெயில அடிச்சா அது குத்தம். நீ அதே பச்சை முட்டையை உப்புல பொதைச்சு நாலு நாள் வெச்சு, வந்த ஒறம்பரைக்கெல்லாம் சோத்து மேல துருவிப் போட்டா அது கலை! தடை விக்கறவனுக்குத்தான், ஊட்டுல பண்ணறவனுக்கு இல்லைன்னு சட்டம் பேசாதே. கிருமி அரசாணையைப் படிச்சுபோட்டு வாரதில்ல.

உப்பு மேல உங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. ஊறுகாய் கெடல, கருவாடு கெடல, அப்ப உப்புப் பட்டா எல்லாஞ் செத்துருமுன்னு. இல்ல சாமி. சால்மோனெல்லான்னு ஒண்ணு இருக்குது. எச்சத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டு மேலயும் வரும். சிலது கோழி வயித்துக்குள்ளயே, ஓடு கட்டறதுக்கு முன்னாலயே முட்டைக்குள்ள பூந்துரும். அதனால ஓட்டைத் தேச்சுத் தேச்சுக் கழுவினேன்னு பெருமை பேசறதுல அர்த்தமில்ல. தண்ணி வத்துன எடத்துல அது பெருகாது. பெருகாதுன்னுதான் சொன்னேன்; சாகும்னு சொல்லல. பால்பவுடர்லயும் சாக்லேட்டுலயும் மாசக்கணக்காப் பொட்டாட்டக் கெடந்து, திங்கறவங்களைப் படுக்க வெச்ச கதை வெளிநாட்டுல நெறைய உண்டு. இன்னொரு கெரகம் என்னன்னா, காஞ்ச எடத்துல கெடக்கற கிருமி சூட்டையும் எச்சாத் தாங்கும். முட்டை ஈரமா இருக்கறப்ப நடு மையம் வரைக்கும் 71 டிகிரிக்கு ஏத்திப்போட்டா வெசனமில்ல. உப்புல காஞ்ச பொறவு 65 டிகிரியில வாட்டறது மஞ்சக்கருவை ஒலத்தும். கிருமி செத்துப்போச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்காது.

இதையெல்லாம் ஒரு கெழவன் நாமக்கல்லுல இருந்து ரயிலேறி வந்து உனக்குச் சொல்லோணுமா? நீ குடியிருக்கற ஊரு என்ன லேசுப்பட்ட ஊரா? தார்நாக்காவுல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்குது. அது ஐதராபாத்துச் சொத்துன்னு நீ நெனச்சிருப்பே. நம்ம குன்னூர்ல 1918-ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு சின்னதா ஆரம்பிச்ச ஆராய்ச்சிக்கூடந்தான் 1958-ல மலையெறங்கி இங்க வந்துது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம் உப்புக்கு மேல வேண்டாங்கறது அவங்க கணக்கு. அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் உம்பட அரைக்கிலோ உப்புப் பொட்டணம் வந்திருக்கும். அந்தப் பக்கம் ராஜேந்திர நகர் போனா மத்திய அரசோட கோழி ஆராய்ச்சி இயக்குநரகம். கொல்லையில உட்டு வளக்கறதுக்குன்னு வனராஜா, கிராமப்பிரியான்னு ரகம் எறக்குனது அவங்கதான். முட்டை வெலைன்னு எடுத்தா, தெனமும் நாமக்கல்லுக்கு ஒண்ணு, ஐதராபாத்துக்கு ஒண்ணுன்னு அறிவிக்கறது முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-ல பி.வி. ராவ் முன்ன நின்னு பண்ணைக்காரங்களைச் சேத்து உண்டாக்குனது. அதுக்கு முன்னால யாவாரி சொன்னதுதான் வெலை, நாங்க தலையாட்டறதுதான் சோலி.

சரி, ஏசுனது போதும். நீ பண்ணத்தான் போறே, உனக்கு எம்பட ரத்தம். அதனால ஒழுங்காப் பண்ணறதுக்கு வழி சொல்றேன்.

முட்டை வாங்கறப்ப மோண்டா மார்க்கெட்டா, அடுக்குமாடிக்குக் கீழ இருக்கற கண்ணாடிக் கடையாங்கறது முக்கியமில்ல. புதுசா இருக்கோணும். தண்ணியில போட்டா அடியில படுக்கையாக் கெடக்கறது புதுசு; நட்டுக்கிட்டு நின்னாப் பழசு; மெதந்தா வாங்கினவன் தலையெழுத்து. புது முட்டையில மஞ்சக்கரு மேடா நிக்கும், எடுக்கறப்ப ஒடையாது. நாலு நாள் உப்புத் தாங்கறதுக்கு அந்தத் தோலுதான் சுவரு. ஓட்டுல இருந்து ஓட்டுக்கு மாத்தி மாத்தி ஊத்திப் பிரிக்காதே. ஓட்டு முனை கீறும், ஓட்டு அழுக்கும் எறங்கும். கையைச் சுத்தமாக் கழுவி, வெரலுக்கு நடுவுல வெள்ளையை வழிய உடு. மஞ்சளைப் புடிச்சுக்கிட்டிருக்கற வெள்ளை நூலையும் கிள்ளிப்போடு. அப்புறம் செவந்த மஞ்சக்கரு இருந்தா நாட்டுக்கோழின்னு எட்டு ரூவா எச்சாக் குடுத்து வாங்கறியே, அதையும் உடு. தீவனத்துல மக்காச்சோளத்தையும் செண்டுமல்லிப்பூச் சத்தையும் சேத்தா எம்பட பண்ணைக் கோழியும் செவப்பாத்தான் போடும். நானே போட வெச்சிருக்கறேன்.

டப்பா கண்ணாடியா இருக்கட்டும். எவர்சில்வர் போசியில உப்பை நாள்கணக்கா வெச்சாப் புள்ளி விழும். போசி உங்கப்பத்தா சீரு கொண்டாந்தது. பிரிட்ஜுல கீழ்த்தட்டுல வை, மூடி போட்டு. மேல்தட்டுல வெச்சு, கீழ இருக்கற தக்காளி மேல ஒழுக உடாதே. வாட்டறப்ப 65-ன்னு கஞ்சத்தனம் பண்ணாம 75, 80 வரைக்கும் ஏத்து. நெறம் கொஞ்சம் மங்கும், ஓரம் கொஞ்சம் எறுகும். படம் புடிக்கறதுக்குத்தான் கொறைச்சல், வவுத்துக்குக் கொறைச்சலில்ல. ஓட்டோடயே பாஸ்டரைஸ் பண்ணின முட்டை எங்கியாவது கெடைச்சா அதை வாங்கு. எங்கூருக் கடையில அது லேசுல கெடைக்காது.

இத்தனை பாடும் வேண்டாம், ஆனா உப்பேறுன மஞ்சக்கரு வேணும்னா, சீனக்காரங்க வழி ஒண்ணு இருக்குது. எனக்குக் கேட்டா அதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரு லிட்டர் தண்ணியில கால்கிலோ கல்லுப்பைப் போட்டுக் கொதிக்க வெச்சு, நல்லா ஆற உடு. பீங்கான் ஜாடியில, கீறல் விழுகாத முட்டையை ஓட்டோட முழுசா முக்கு. மேல வராம ஒரு சின்னத் தட்டு வெச்சு அமுக்கு. மூணு நாலு வாரம் அந்தப் பக்கமே போகாதே. அது உன்னால ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெனம் தொறந்து பாப்பே. பொறவு எடுத்துப் பன்னண்டு நிமிசம் தளதளன்னு அவி. முழுசா வெந்துபோச்சா, சால்மோனெல்லாவோட கதை முடிஞ்சுபோச்சா, மஞ்சக்கரு கெட்டியா, எண்ணெய் மினுக்கத்தோட செவந்து நிக்கும். வாத்து முட்டையா இருந்தா இன்னும் ருசி. சிங்கப்பூர், மலேசியாவுல கஞ்சிக்கு இதைத் தொட்டுக்கறாங்க. நெலா நோம்பிப் பலகாரத்துக்குள்ள முழுசா வெச்சுச் சுடறாங்க. இப்ப நண்டு மேலயும் உருளைக்கிழங்கு வறுவல் மேலயும் பூசி விக்கறாங்க. இதையும் நீ துருவலாம். ஆபீசுல சொன்னா மரியாதையுங் கொறையாது, பேருதான் கொஞ்சம் சின்னது.

வெள்ளைக்கருவை என்ன பண்ணறதுன்னு நீ இன்னும் ரோசனையே பண்ணல. ஆறு மஞ்சளுக்கு ஆறு வெள்ளை கிண்ணத்துல உக்காந்து உன்னையப் பாக்குது. தூத்துக்குடிக்காரனா இருந்தா சக்கரையும் முந்திரியும் சேத்து மக்ரூன் சுட்டு, காகிதப் பொட்டணம் கட்டி விப்பான். செட்டிநாட்டுல சுண்ணாம்போட வெள்ளைக்கருவையும் சேத்து அரைச்சுச் சுவத்துல பூசுனாங்க. இன்னிக்கும் அந்தச் சுவரு வழவழன்னு நிக்குது. அத்தனை முட்டையோட மஞ்சக்கருவும் எந்தக் கொத்தனார் வவுத்துக்குப் போச்சுன்னு மட்டும் எந்த ஆச்சியும் சொல்லக் காணோம். உனக்குச் சுவரு பூசற வேலையில்ல, வாடகை ஊடு. நாளைக்கு வெள்ளென அம்மிணி எந்திரிக்கறதுக்குள்ள வெங்காயம் போட்டு ஆம்லெட்டு ஊத்து.

மிச்சமான உப்பு இருக்குதே, அதை மறுக்கா உபயோகிக்கலாமான்னு கேக்கறே பாரு, அங்கதான் நீ கொங்கு நாட்டுப் புள்ளைன்னு காட்டறே. ஆனா வேண்டாம். பச்சை முட்டை பட்ட உப்பு, குப்பைக்குத்தான் போகோணும். பால்கனிச் செடிக்கும் கொட்டிப்போடாதே, வேரு வெந்துபோகும். ஊருல தென்னைமரத்துக் குழிக்கு உப்புப் போடுவோம், ஏத்துக்கும். உம்பட ஒம்பதாவது மாடியில தென்னைக்கு எங்க போறது? அரைக்கிலோ உப்பும் சக்கரையும் போச்சுன்னு வெசனப்படாதே. அந்தச் செலவையும் கரண்டையும் கணக்குல சேத்தா ஒரு மஞ்சக்கரு எவ்வளவுக்கு நின்னிருக்குதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லு. நாமக்கல்லு வெலைப் பலகையில எழுதச் சொல்றேன்.

திங்கறதுக்கும் ஒரு மொறை இருக்குது. இது கொழம்புமில்ல, பொரியலுமில்ல. உப்புக்குப் பதிலாத் தூவறது. இந்த ஊருக்காரங்க காலையில கிச்சடியும் கீமாவும் சாப்படறாங்களே, அந்தக் கிச்சடியில உப்பைக் கொறைச்சுப் போடச் சொல்லி, மேல நாலு இழுப்புத் துருவு. வெண்பொங்கல்ல போடலாம். நெய்த் தோசையில போடலாம். பழைய சோத்துல போட்டுக் குடுத்தே, நல்லாத்தான் இருந்துது; ஒத்துக்கறேன், அதுக்காக மூஞ்சியை அவ்வளவு அகலமா வெச்சுக்க வேண்டாம். ஆனா ஹலீம் மேல துருவப் பாத்தே பாரு, அப்ப பக்கத்துல இருந்த உம்பட சிநேகிதன் கையைப் புடிச்சு "நக்கோ பாய்"ன்னான். அந்தப் பையன் பொழைச்சுக்குவான்.

எல்லாத்துக்கும் மேல இதைக் கேட்டுக்க. அம்மிணி முழுகாம இருக்கறா. பச்சை மஞ்சக்கருவை உப்புல போட்டது எதுவா இருந்தாலும், எத்தனை டிகிரியில வாட்டுனதா இருந்தாலும், புள்ளை பொறக்கற வரைக்கும் அவ தட்டுப் பக்கம் வரப்படாது. பக்கத்து ஊட்டுப் பொடுசுங்களுக்கும், சக்கரை வியாதி, ரத்தக் கொதிப்புன்னு இருக்கற என்னைய மாதிரி கெழடுங்களுக்கும் இனிமே அதேதான். அவளுக்கு ஆசையா இருந்தா ஜாடி முட்டையை அவிச்சுக் குடு, அதுவுங் கொஞ்சமா. வாட்டுன மஞ்சக்கரு டப்பா மேல தேதி எழுதி ஒட்டு. பிரிட்ஜுல ஒரு மாசம் வெச்சுக்கலாம். வாடை மாறினாலோ, பிசுபிசுத்தாலோ அன்னிக்கே வெளிய. இப்ப எந்திரிச்சுப் போயி ரெண்டு முட்டை அவி, எனக்குப் பசிக்குது. உப்பை நானே போட்டுக்கறேன்.